கல்லீரலைக் காத்த அறிஞர்

விடுமுறை முடிந்து நெல்லையிலிருந்து ஸ்ரீவராகத்து அறைக்குத் திரும்பும்போதெல்லாம், அம்மா உலர்ந்த கீழாநெல்லிப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுப்பார். சித்தப்பா கல்லீரல் புற்றுநோயால் மறைந்த பின் வந்த வழக்கம் அது. ஹெப்படைட்டிஸ்-பி நச்சுயிர் பல ஆண்டுகளாக அவர் உடலில் இருந்ததை இறுதியில்தான் அறிந்தோம். அதைக் கண்டறிந்த அறிஞரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பாரூக் பிளம்பர்க் 1925இல் நியூயார்க்கில் பிறந்தார். மருத்துவ மாணவராகச் சூரினாம் சென்றிருந்தபோது, ஒரே நோய் சிலரைத் தாக்கிச் சிலரை விட்டுவிடுவது ஏன் என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. விடை தேடிப் பல நாட்டு மக்களின் குருதியை ஆராய்ந்தார். 1963இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் புதியதொரு புரதம் கிடைத்தது. அது நச்சுயிரின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆயினும் அவர் அதை விட்டுவிடவில்லை. 1969இல் மில்மன் என்பவருடன் சேர்ந்து, அம்மேலுறையைக் கொண்டே தடுப்பூசி செய்யும் முறையை வகுத்தார். 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்நச்சுயிர் கல்லீரலில் நெடுங்காலம் தங்கினால் உயிரணுக்கள் அழிந்தும் வளர்ந்தும் தழும்பேறுகின்றன. அதன் மரபுப்பொருள் நம் மரபுப்பொருளோடு கலக்கிறது. உறங்க வேண்டிய மரபணுக்கள் விழிக்கின்றன. காவல் காக்க வேண்டியவை ஓய்கின்றன. கட்டுக்கடங்காது பெருகும் உயிரணுவே புற்று.

பிளம்பர்க்குக்கும் நம் கீழாநெல்லிக்கும் தொடர்புண்டு. சென்னை ஆய்வாளர்களுடன் அவரும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், அதை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து அம்மேலுறைப் புரதம் மறைந்தது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் அப்பயன் கிட்டவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தடுப்பூசியோ தன் பயனை மெய்ப்பித்தது. 1984இல் தைவான் அதைக் குழந்தைகளுக்கு இடத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவரின் கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

2011 ஏப்ரலில் பிளம்பர்க் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில், இத்தடுப்பு மருந்தும் அடங்கிய ஐந்நோய்த் தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது. தொடங்கிய மாநிலங்கள் இரண்டு: நான் பிறந்த தமிழகமும், நான் பயிலும் கேரளமும்.

அப்போது நான் பள்ளிச் சிறுவன். கைக்குழந்தைகளுக்கான ஊசி எனக்குக் கிட்டவில்லை. சென்ற திங்கள் குருதிச் சோதனை செய்துகொண்டேன். தொற்று இல்லை. மூன்று ஊசிகளில் முதலாவதைப் போட்டுக்கொண்டேன். நண்பர்களே, நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கும் நேர வேண்டாம்.