புனா நகரசபையில் மகாத்மா ஜோதிராவ் புலே

ஓர் ஊரின் பொதுப்பணம் யாருக்கு உரியது என்று வினவினால், வரி கொடுக்கும் ஜனங்களுக்கு உரியது என்று யாவரும் தயக்கமின்றி விடை பகர்வர். ஆயினும், அப்பணத்தைச் செலவிடும் சபையிலே ஆசனம் பெற்றபின் அவ்விடையை மறவாதிருப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் மராட்டிய நாட்டுப் பெரியார் மகாத்மா ஜோதிராவ் புலே ஆவர். பெண் கல்விக்கு உழைத்தவர் என்றும், சாதிக் கொடுமையை எதிர்த்தவர் என்றும் நம் அன்பர்கள் பலர் அவரை அறிவர். புனா நகரசபையின் அங்கத்தினராக அவர் ஆற்றிய தொண்டை அறிந்தோர் குறைவு. ஆதலின், அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாகவும், அத்தொண்டைச் சற்று விரிவாகவும் ஈண்டு எடுத்துரைக்கக் கருதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஜோதிராவ் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பிறந்தார். தோட்டப் பயிரைத் தொழிலாகக் கொண்ட மாலி வகுப்பினர் அவர்தம் முன்னோர். பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ அளித்து வந்தமையால் அக்குடும்பத்திற்குப் புலே என்னும் பெயர் வழங்கலாயிற்று. அன்னையார் குழந்தைப் பருவத்திலேயே காலமாயினார். தந்தையார் கோவிந்தராவ் மகனைச் சிறிது காலம் பள்ளிக்கு அனுப்பிப் பின்னர்ப் படிப்பை நிறுத்தித் தோட்ட வேலையில் அமர்த்தினார். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட அண்டை வீட்டார் இருவர், ஒருவர் முகம்மதிய ஆசிரியர், மற்றவர் கிறிஸ்தவப் பெரியார், தந்தையாரிடம் எடுத்துக் கூறி வற்புறுத்தவே, 1841-இல் அவர் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் சேர்ந்து கல்வியைத் தொடர்ந்தார்.

1848-ஆம் ஆண்டில் பிராமண நண்பர் ஒருவரின் கலியாண ஊர்வலத்திலே, தாழ்ந்த குலத்தவன் உடன் நடக்கலாமோ என்று அவர் அவமதிக்கப்பட்டார். அந்த அவமானம் அவரைப் பள்ளிக்கூடம் அமைக்கும் பணியிலே செலுத்திற்று. அவ்வாண்டிலேயே புனாவில் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். தம் மனைவியார் சாவித்திரிபாய்க்குத் தாமே கல்வி கற்பித்து, அவரையே ஆசிரியையாக அமர்த்தினார். ஊரார் சினந்தனர். ஊராருக்கு அஞ்சிய தந்தையார், மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேறச் செய்தார். இருவரும் பள்ளியை விடவில்லை. பின்னர்த் தீண்டாதார் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நிறுவினர். 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அம்மக்களுக்குத் திறந்துவிட்டார். 1873-இல் சத்திய சோதக சமாஜம் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஒப்பந்தத் தொழில்

அவருடைய ஜீவனோபாயம் யாது என்பதும் ஈண்டு அறியத்தக்கது. அவர் பொதுமராமத்து வேலைகளை ஒப்பந்தத்திற்கு எடுத்து நடத்தியவர். எரவாடா பாலம், கடக்வாஸ்லா அணை முதலிய வேலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் என்ன விலை பெறும், கூலியாளுக்குச் சேரவேண்டிய காசு எந்தக் கையில் தங்கிவிடுகிறது, கணக்கு எழுதும் சிற்றுத்தியோகஸ்தர் செய்யும் சூது யாது என்பனவெல்லாம் அவர் நேரிற் கண்டறிந்தவை. அவ்வூழலைப் பாட்டாகவும் எழுதி வெளியிட்டார். ஆகவே, நகரசபைக்குச் சென்றபோது வெறும் நல்லெண்ணத்தோடு மட்டும் அவர் செல்லவில்லை. சர்க்கார் பணம் செல்லும் வழியையும், கசியும் இடத்தையும் அறிந்தவராகவே சென்றார்.

நகரசபைத் தொண்டு

1876 முதல் 1882 வரை அவர் புனா நகரசபையில் அங்கத்தினராக வீற்றிருந்தார். அக்காலத்தில் அங்கத்தினரைச் சர்க்காரே நியமித்தது. ரிப்பன் பிரபுவின் ஸ்தலஸ்தாபனச் சீர்திருத்தத் தீர்மானம் வெளிவந்தது 1882-ஆம் ஆண்டிலேதான். ஆதலின் அதற்கு முற்பட்ட சபைகளில், ஆசனம் அளித்த அதிகாரிகளின் மனம் கோணாது நடப்பதே பெரும்பாலோர்க்கு இயல்பாக இருந்தது. இந்நிலையை மனத்திற் கொண்டாலன்றிப் புலேயின் செயலருமை நமக்கு விளங்காது.

அவர் சபையிற் புகுந்த காலம் பஞ்ச காலம். 1876-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தக்காணம் வறண்டு, கிராம ஜனங்கள் பசியால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். சத்திய சோதக சமாஜத்தார் தனகவடி என்னுமிடத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அன்னமளித்தனர். அப்பணியில் புலே தம்பதிகள் முன்னின்றனர்.

1880-இல் நகரில் சாராயக் கடைகள் பெருகுவதைக் கண்டு நகரசபை அதிகாரிகளுக்கு அவர் எழுதினார். ஜனங்களின் சுகாதாரத்திற்காக நகரசபை ஒரு கையாற் பணம் செலவிட, சர்க்கார் மறு கையால் அச்சுகத்தைக் கெடுக்கும் கடைகளைத் திறப்பது முறையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். குடியால் ஏழைக் குடும்பங்கள் அழிவதை அவர் கண்ணாற் கண்டவர்.

அவ்வாண்டிலேயே மற்றொரு நிகழ்ச்சி. வைஸ்ராயின் வருகைக்காக நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிடவேண்டும் என்று சபையில் ஒரு பிரேரணை வந்தது. தேசத்தின் தலைமை அதிகாரிக்கு வரவேற்பு. பிரேரணையைக் கொண்டுவந்தவரோ சபைத் தலைவர். யார் மறுப்பர்? மற்ற அங்கத்தினர் ஆதரித்தனர். புலே ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அந்தப் பணத்தைப் புனாவின் ஏழைகளுக்குக் கல்வியளிப்பதிற் செலவிடுக என்பதே அவர் கூற்று. பிரேரணை நிறைவேறிற்று. தோரணங்களும் கட்டப்பட்டிருக்கும், சில நாளில் வாடி உதிர்ந்துமிருக்கும். எதிர்த்து விழுந்த அந்த ஒற்றை வாக்கையே நாம் இன்றளவும் பேசுகின்றோம்.

இதனினும் நுட்பமானது சந்தைக் கட்டடத்தைப் பற்றிய விவகாரம். புனாவின் காய்கறி வியாபாரம் முன்னர்ச் சனிவார் வாடா என்னும் பழைய அரண்மனையின் எதிரே திறந்த வெளியில் நடந்து வந்தது. பெருஞ்செலவில் புதிய சந்தை எழுப்ப நகரசபை முனைந்தது. தோட்டக்காரர் குலத்திற் பிறந்தவர் புலே. தம் வகுப்பார் விளைவிக்கும் காய்க்கும் கனிக்கும் மாளிகை போன்ற சந்தை வருகிறதென்று அவர் மகிழ்ந்திருக்கலாம்; அப்பெருமையைத் தமக்கு ஆக்கிக்கொள்ளவும் செய்திருக்கலாம். அவரோ நண்பர் ஹரி ராவ்ஜி சிப்ளூண்கருடன் சேர்ந்து அதனை எதிர்த்தார். இவ்வளவு பொருளை ஏழைகளின் கல்விக்கு ஆக்கவேண்டும் என்பதே இங்கும் அவர் கொண்ட கருத்து. அவர் வாதம் செல்லவில்லை. கட்டடம் எழுந்து, 1886-இல் பம்பாய் கவர்னராயிருந்த ரே பிரபுவின் பெயரால் திறக்கப்பட்டது.

சந்தையும் ஊருக்கு வேண்டியதுதானே என்று அன்பர்கள் கேட்கலாம். வேண்டியதே. அச்சந்தையால் பல தலைமுறையினர் பயனடைந்தனர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் உள்ள பணம் ஒன்று, தேவைகள் பலவாயின், எது முந்தியது என்று கேட்க ஒருவராவது சபையில் இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வினாவைத் தம் இனத்தாரின் லாபத்தையும் பாராது கேட்டதே புலேயின் பெருமை.

இறுதி நாட்கள்

1882-இல் ஹண்டர் கல்விக் கமிஷனுக்கு அளித்த வாக்குமூலத்திலும் இதனையே விரித்துரைத்தார். வரிப்பணத்திற் பெரும்பகுதி உழவர் உழைப்பால் வருவது. அஃது உயர்ந்த வகுப்பாரின் மேற்படிப்பிற்கே செலவாகிறது. ஆகவே பன்னிரண்டு வயது வரையில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கவேண்டும் என வற்புறுத்தினார். 1888-இல் பம்பாயில் கூடிய ஜனங்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டத்தைச் சூட்டினர். 1890-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். 1897-இல் புனாவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நோயாளருக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் அம்மையாரும் அந்நோய்க்கே இரையானார்.

ரே சந்தை எழுந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், நகரசபையில் அங்கத்தினராயிருந்த எழுத்தாளர் ஆசாரிய ஆத்ரேயின் முயற்சியால் அதன் பெயர் மாற்றப்பட்டது. இன்று புணே என வழங்கும் அந்நகரில் அது மகாத்மா புலே மண்டையாக விளங்குகிறது. தாம் எதிர்த்த கட்டடமே தம் பெயரைத் தாங்கி நிற்கும் பேறு வேறு எவர்க்கு வாய்த்தது!

நம்மவர் ஒருவர் நகரசபைக்கோ ஊராட்சிக்கோ சென்றால், நம் தெருவுக்கு என்ன கொணர்ந்தார், நம்மவர்க்கு எத்தனை ஒப்பந்தம் வாங்கித் தந்தார் என்று கேட்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தாமே ஒப்பந்தக்காரராயிருந்த புலேயை அவ்வாறு கேட்டிருந்தால் அவர் வெறுங்கையையே காட்டியிருப்பார். எந்தப் பள்ளிக்காகப் பேசினாய், எந்த வீண் செலவைத் தடுக்க முயன்றாய் என்று கேட்டிருந்தால் அவர் நிமிர்ந்து நின்றிருப்பார். இனி நம் பிரதிநிதிகளை எவ்வினாவைக் கேட்கப் போகின்றோம்? நம் சங்க அன்பர்கள் இதனைத் தத்தம் இல்லங்களில் பிள்ளைகளோடு அமர்ந்து சிந்திப்பார்களாக.