பாலசுந்தரத்தின் வக்கீல்

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர் காந்தி. 1891-ல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். பம்பாயில் தொழில் ஓடவில்லை. 1893-ல் ஒரு வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார்.

1894-ல், டர்பனில், பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி அவரிடம் வந்தார். கிழிந்த துணி, உடைந்த முன்பற்கள், வாயெல்லாம் ரத்தம். அடிச்சது முதலாளி. ஆனா வேலையை விட்டு ஓடினால் ஜெயில், சட்டம் அப்படி! குமாஸ்தா தமிழர் என்பதால் விஷயம் முழுசாப் புரிந்தது. முதலாளியைத் தண்டிக்கச் சொல்லவில்லை காந்தி. ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றி மீட்டார். சேதி பரவியது, கூலிகள் அவரைத் தேடி வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் மீது 1895-ல் போட்ட 3 பவுன் வரி, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1914-ல் ஒழிந்தது.

பாப்பாரப்பட்டியிலிருந்து வளைகுடா கிளம்பும் நண்பா! பத்தாவது தேறிய நமக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதனாலேயே அந்த அனுமதிக்காக நம்ம ஒப்பந்தத்தை யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. சம்பளம், வேலை நேரம், முதலாளி மாற வழி இருக்கா என்பதையெல்லாம் விவரம் தெரிந்த வக்கீலிடம் கேள். ஏஜெண்ட் லைசென்ஸைச் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரி. கையெழுத்து அப்புறம்!