கை சுத்தமான நீதிபதி: அர்ச். தாமஸ் மோர்



வேதசாட்சி என்றவுடன் அவர் உயிரைக் கொடுத்த கடைசி நாள்தான் நம் நினைவுக்கு வரும். அந்த நாளுக்கு முன்னே எத்தனையோ சாதாரண நாட்கள் உண்டு. இங்கிலாந்து தேசத்து அர்ச். தாமஸ் மோர் அந்தச் சாதாரண நாட்களை எப்படிக் கழித்தார் என்று இந்த வாரம் பார்ப்போம்.

இவர் 1478-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். வாலிபப் பருவத்தில் சட்டத் தொழிலில் பழகிக்கொண்டே, சுமார் நான்கு வருடம் கர்த்தூசியன் சந்நியாசிகளின் மடத்தை அண்டி வாழ்ந்து, அவர்களுடைய ஜெபதபங்களில் பங்குகொண்டார். ஆயினும் தம் அழைத்தல் இல்லறமே என்று கண்டு, 1505-ல் விவாகம் செய்துகொண்டார். மூன்று பெண்களும் ஓர் ஆணும் பிறந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு அபூர்வமாயிருந்த அக்காலத்தில், மகனுக்குச் சமமாக மகள்களுக்கும் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார்.

1510-ல் லண்டன் நகர நீதிமன்றத்தில் அமர்ந்தார். இரு தரப்பாரும் கட்டவேண்டிய மூன்று ஷில்லிங் கட்டணத்தைப் பெரும்பாலும் வேண்டாமென்று விட்டுவிடுவார். தம்மிடம் வந்த கட்சிக்காரர்களுக்கோ, கூடுமானால் சமாதானமாய்ப் போங்கள் என்று முதலில் புத்தி சொல்வார். வழக்கு நீண்டால் தமக்கு வரும்படி உண்டென்பதை எண்ணவே மாட்டார்.

1529-ல் எட்டாம் ஹென்றி அரசன் இவரைத் தன் ராஜ்யத்தின் சான்சலராக்கினான். அதைவிடப் பெரிய நீதிபதிப் பதவி அந்நாட்டில் இல்லை. பதவி உயர்ந்தும் மனிதர் மாறவில்லை. பிற்பகலில் தம் வீட்டுக் கூடத்தைத் திறந்துவைத்து, ஏழை எளியவர் யாரும் வந்து குறை சொல்ல இடம் கொடுத்தார். முதியவரான தகப்பனாரும் அப்போது நீதிபதியாயிருந்தார். தம் நீதிமன்றத்துக்குப் போகுமுன் சான்சலர் அவர் முன்னே எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டு ஆசீர்வாதம் பெறுவார். சொந்த மருமகன் ஒருவன், மாமனார் இருக்கும் தைரியத்தில் சமரசத்துக்கு இணங்காமல் வழக்கை நடத்தினான். நியாயம் எதிர்த்தரப்பில் இருந்ததால், மாமனார் அவனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்.

இவரிடம் நீதி பெற்ற விதவை ஒருத்தி புத்தாண்டுப் பரிசாக ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்தாள். உள்ளே நாற்பது பவுன் பெறுமான பொற்காசுகள் இருந்தன. அவள் மனம் நோகாதபடி கையுறையை ஏற்றுக்கொண்டு, காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறொருத்தி பொன்முலாம் பூசிய கிண்ணம் கொண்டுவந்தாள். அதில் திராட்சரசம் ஊற்றி, அவள் நலத்துக்காகப் பருகி, அவளும் பருகியபின், கிண்ணத்தை அவள் கணவருக்குத் தம்முடைய பரிசாக அனுப்பிவைத்தார்.

அரசன் தன் தர்மபத்தினியான கத்தரீன் அரசியை விலக்கவும், இங்கிலாந்தின் திருச்சபைக்குத் தானே தலைவனாகவும் துணிந்தான். மோர் 1532 மே 16-ம் தேதி பதவியைத் துறந்தார். வருமானம் சுருங்கியது. குளிர்காலத்தில் விறகு வாங்க வகையின்றி, அவர் குடும்பத்தார் காய்ந்த பெரணிச் செடிகளைக் கட்டாய்க் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இங்கேதான் பங்கு மக்களே, நாம் கவனிக்க வேண்டியது. இவரைக் கவிழ்க்க நினைத்தவர்கள் இவர் லஞ்சம் வாங்கினாரா என்று துருவிப் பார்த்தார்கள். அந்தக் கிண்ணத்தையே குற்றமாகக் கொண்டுவந்தார்கள். கொடுத்தவளே உண்மையைச் சொல்ல, வெட்கிப்போனார்கள். பணத்தின் வழியாய் அவரைப் பிடிக்க ஒரு பிடியும் கிடைக்கவில்லை. 1534 ஏப்ரலில், அரசன் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்ததால் லண்டன் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1535 ஜூலை 1-ம் தேதி, ஒருவனுடைய சாட்சியைக் கொண்டு மரணத் தீர்ப்பிட்டார்கள். அது பொய்ச்சாட்சி என்று மோர் மன்றத்திலேயே மறுத்தார். ஜூலை 6-ம் தேதி அவர் சிரசு வெட்டப்பட்டது.

1935-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். 2000-ம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அரசியலாருக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

நாற்பது பவுனுக்கு விலைபோகாத மனச்சாட்சிதான் பிற்பாடு உயிருக்கும் விலைபோகவில்லை. நம்மில் யாரையும் கொலைக்களத்துக்கு ஒருவரும் அழைக்கப்போவதில்லை. ஆனால் கையுறைகள் நம் வீட்டுக்கும் வரும். பண்டிகைப் பலகாரத்தின் அடியில் ஓர் உறையாக வரும். கையெழுத்துக்குக் கைம்மாறாக வரும். தராசுத் தட்டில் சிறிது குறைவாக வரும். உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காசைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவரை அவமானப்படுத்தாமல் கொடுங்கள்.

அர்ச். தாமஸ் மோரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.