ஆலை முதலாளியின் மகன்

ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறோம். பாட்டாளித் தோழர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம்! பிறந்த இடத்தைக் காட்டி ஒருவனைத் தாழ்த்துவது தவறு என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிறந்த இடத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது மட்டும் முறையாகுமா? செய்ததைப் பார்ப்போம், சீர்தூக்கிச் சொல்வோம்.

இப்போது ஏன் அவர் நினைவு? திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரித் திங்களில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் தமிழக அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்பது அதன் குறிக்கோள். பனையேறியும் பரதவரும் வாழும் கரையில் ராக்கெட் தொழிலா என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விக்ரம் சாராபாயின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1919 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால், பெரும் பஞ்சாலை அதிபர். அந்த வீட்டில் ஒரு விந்தை! விக்ரம் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1918-இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியாருடன் நின்று போராடியவர் யார்? அம்பாலாலின் உடன்பிறந்தாள் அனசூயா! அண்ணன் தம்பி, அக்காள் தங்கை உறவு ஒரு புறம். அரை வயிற்றுக்காரன் உரிமை மறு புறம். உறவும் முறியவில்லை, உரிமைப் போரும் ஓயவில்லை. தந்தையின் ஆலையும் அத்தையின் சங்கமும் ஒரே வீட்டுக் கதையாக இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர் விக்ரம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் நாடு திரும்பி, பெங்களூரில் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் கீழ் அண்டக்கதிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942-இல் சென்னைக் குடும்பத்துப் பெண்ணான நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். நேதாஜியின் படையில் மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தங்கை அவர். அந்த வகையில் விக்ரம் நம் சென்னைக்கு மருமகன்!

போர் முடிந்து மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில், அகமதாபாத்தில் ஒரு கல்லூரியின் சில அறைகளில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். வயது இருபத்தெட்டு! துணி ஆலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிச் சங்கமும் அவர் முயற்சியால் அப்போதே எழுந்தது. நூல் எண்ணிக்கை அறியாத அண்டக்கதிர் அறிஞருக்கு ஆலையில் என்ன வேலை என்று சிரித்தவர்களும் இருந்திருப்பர். மேஸ்திரியின் கைப்பழக்கத்தை மட்டும் நம்பி ஓடிய ஆலைக்குள் அளவுகோலும் ஆராய்ச்சியும் நுழைந்தன. ஆராய்ச்சிக்கூடமும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருந்தால்தான் இரண்டும் வளரும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. பின்னாளில் விண்வெளிக்கும் அதே பாடத்தைத்தான் அவர் கையாண்டார்.

1962-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. தலைவர் சாராபாய். ராக்கெட் விட இடம் தேடினர். டில்லியா? பம்பாயா? இல்லை! திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் குப்பம். ஏன் அந்த இடம்? பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் ஆறுபோல் பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வில் நிலைக்காது. ராக்கெட் ஒன்றே அதைத் தொட்டு வரும். தலைநகரங்களுக்கு இல்லாத தகுதி ஒரு குப்பத்து மணலுக்கு இருந்தது!

மணல் சும்மா கிடக்கவில்லை. அங்கே மீனவர் வீடுகள் இருந்தன. மேரி மேக்டலின் தேவாலயம் இருந்தது. சாராபாய் ஆணையை நீட்டவில்லை. ஆயரை நாடிச் சென்றார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா, ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த மக்களிடமே கேட்டார். மக்கள் இசைந்தனர். வழிபட்ட கோயிலையும் வாழ்ந்த வீட்டையும் விட்டுக் கொடுத்தனர். வேறிடத்தில் வீடுகளும் புதுக் கோயிலும் எழுந்தன. பழைய தேவாலயம் ராக்கெட் நிலையத்தின் முதல் அலுவலகம் ஆயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் ஏறி வந்தன. இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் போன்ற இளைஞர்கள் அங்கே வேலை பயின்றனர்.

1963 நவம்பர் 21, மாலை நேரம். அமெரிக்கா தந்த ராக்கெட், பிரான்சு தந்த கருவியைச் சுமந்து கிளம்பிற்று. சோடிய ஆவி வானில் செம்மஞ்சள் கோலமிட்டது. இரவல் ராக்கெட்தானே என்று ஏளனம் செய்திருக்கலாம். நான்கே ஆண்டில், 1967 நவம்பரில், நம்மவர் செய்த ரோகிணி பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர், மூன்று அங்குலந்தான்! ஆனால் சொந்தச் சரக்கு! எரிபொருள் செய்யவும், உலோகம் கடையவும், கருவி பொருத்தவும் அந்தக் கரையிலேயே கூடங்கள் எழுந்தன. வலை வீசிய ஊர் தொழில் நகரானது இப்படித்தான்.

சோற்றுக்குத் திண்டாடும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு? நாமும் கேட்கக்கூடிய கேள்விதான். சாராபாய் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. பணக்கார நாடுகளோடு நிலவுக்குப் பந்தயம் ஓட நாம் வரவில்லை. உழவனுக்கு வானிலையும் சிற்றூருக்குக் கல்வியும் தர முடிந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு என்பது அவர் நிலை. 1969-இல் அமெரிக்காவுடன் அவர் ஒப்பந்தம் செய்தார். அதன் பயனாக 1975-76-இல் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி கண்டன. காண அவர் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பாவுக்கு அருகே கோவளத்தில், ஐம்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

அவர் நட்டது வளர்ந்தது. 1969-இல் இஸ்ரோ பிறந்தது. 1971-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் பறந்தது. 1992-இல் விண்வெளி வாணிகத்துக்கென்றே ஆன்ட்ரிக்ஸ் கழகம் அமைந்தது. 2017-இல் ஒரே ராக்கெட் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது, பெரும்பாலானவை அயல்நாட்டாருடையவை. 2020-இல் தனியாருக்குக் கதவு திறந்தது. 2022-இல் பறந்த முதல் தனியார் ராக்கெட்டுக்கு விக்ரம் என்றே பெயர். 2024 மே 30-இல் சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட்டும் பறந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் துருவம் நோக்கிப் போகும் ராக்கெட், இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும். வளைந்தால் எரிபொருள் வீண். சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காத செலவு. குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பினால் நேரே தெற்கு, எதிரே கடல். இயற்கை கொடுத்த இடம்! பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையம் நெடுநாளாக இருக்கிறது.

இடம் இருந்தால் போதுமா? அங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் தம் இடம் விட்டுப் பெயர்ந்தனர். ராக்கெட்டின் புகழ் பாடுவோர் நாவில் அவர்கள் பெயர் வருவதில்லை. நம் கரையிலும் மண்ணைக் கொடுத்தவன் மகன் வாயிற்காவலனாக நிற்க, வேலை முழுவதும் வெளியிலிருந்து வருவோர்க்கு என்றால், அது யாருடைய வளர்ச்சி? ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள். அன்று அடுப்பெரியாத வீட்டுக்கு ஈடு யார் தருவது?

ஆகவே கேட்போம், அடக்கத்தோடு, ஆனால் அழுத்தமாகக் கேட்போம். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தத் தொழிலுக்கான பயிற்சி வேண்டும். சிறு பட்டறைகளுக்கும் பங்கு வேண்டும். கடல் மூடும் நாளுக்கு மீனவர்க்கு ஈட்டுத்தொகை வேண்டும். கழகத் தோழர்கள் அந்த ஊர்களுக்குச் சென்று, எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று வீடுதோறும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஆலை முதலாளியின் மகன், குப்பத்து மக்களிடம் சென்று கேட்டுத்தான் நிலம் பெற்றார். கேட்கும் பண்பு அன்று இருந்தது. இன்று நம்மைக் கேட்கிறார்களா என்று பார்ப்போம். கேட்காவிட்டால், கேட்க வைப்போம்.