வீணை தனம்மாள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் இசைப்பெட்டி உருவானது. சுழலும் உருளையில் பதிந்த முட்கள் எஃகுச் சீப்பின் பற்களை நெருடப் பாடல் பிறந்தது. ஒரு பல்லுக்கு ஒரு சுரம் மட்டுமே உண்டு. பின்னர் வந்த கிராமபோன், மனிதர் எழுப்பும் ஒலியையே தட்டில் பதித்து மீண்டும் ஒலித்தது. இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் இணைத்த கருவிகளும் விற்பனைக்கு வந்தன. ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டும் வீணையின் கமகத்தை இசைப்பெட்டியால் தர இயலாது, இசைத்தட்டால் இயன்றது. அவ்வாறு தட்டில் தங்கிய அரிய இசைக்கு உரியவர் வீணை தனம்மாள்.

சென்னை ஜார்ஜ் டவுனில் 1867ஆம் ஆண்டு தனம்மாள் பிறந்தார். பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் நடனமாடியவர். தாய் சுந்தரம்மாள் பாடகர். கலையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மரபு அது. வீட்டில் தொடங்கிய பயிற்சியைச் சாத்தனூர் பஞ்சநத ஐயர் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளால் வளப்படுத்தினார். பார்வையற்ற இசைப்புலவர் பாலதாஸ் நாயுடுவிடம் அவர் பதங்களைக் கற்றார்.

தனம்மாள் மீட்டுகருவி அணியாமல் வெறும் விரல்களாலேயே தந்தியை மீட்டினார். அதனால் எழுந்த நாதம் மென்மையானது. உடன் பாடிய அவர் குரலும் அதனோடு இழைந்தது. வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் இசை நிகழ்ந்தது. துறைமுகத்தின் ஆரவாரத்திற்கு அருகிலிருந்த அவ்வில்லத்தில், கேட்போர் மூச்சொலியும் எழாதபடி அமர்ந்திருந்தனர். தேர்ந்த வித்துவான்களும் அங்கு மாணவரைப்போல் வந்து கேட்டனர்.

வாழ்க்கை அவருக்கு எளிதாக அமையவில்லை. அம்மரபுப் பெண்களின் கலையைப் போற்றிய சமூகமே அவர்களைத் தாழ்வாகவும் நோக்கியது. பொருள் நெருக்கடி வாட்டியது. முதுமையில் கண்ணொளியும் மங்கி மறைந்தது. ஆயினும் கூட்டத்தைக் கவர்வதற்காகத் தம் இசையின் நிதானத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

1930களில் கொலம்பியா நிறுவனம் அவர் இசையைப் பதிவு செய்தது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஒலிக்கும். மாலை முழுதும் விரிந்த இசை அச்சிறு எல்லைக்குள் அடங்க வேண்டியிருந்தது. எனினும், ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு அவர் விரல் வழுக்கிச் செல்லும் நயத்தை அத்தட்டுகள் இன்றும் காட்டுகின்றன.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். தட்டில் அடங்காதவற்றை அவர் குடும்பம் காத்தது. பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் அவர் பாணியில் பதங்களைப் பாடினர். மற்றொரு பேத்தி பாலசரசுவதி நடனத்தால் உலகப் புகழ் பெற்றார். பாலசரசுவதிக்கு 1973ஆம் ஆண்டிலும் பிருந்தாவுக்கு 1976ஆம் ஆண்டிலும் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதளித்தது. கருவி ஒலியைக் காக்கும். கலையைக் காப்பவர் அதைக் கற்றுத் தொடரும் மனிதரே என்பதற்குத் தனம்மாளின் வாழ்வு சான்றாக விளங்குகிறது.