இருதயத்தின் வழி கண்ட ஹக்கீம் இப்னு நபீஸ் (ரஹ்)

ஹக்கீம் என்றதும் நம்மவர் நாவில் முதலில் வரும் பெயர் இப்னு சீனா என்பதாகும். அன்னாருடைய கிதாபையே எடுத்து வைத்து, சரியானதைச் சரியென்றும் தவறாகக் கண்டதைத் தவறென்றும் எழுதிய இன்னொரு ஹக்கீமை நம் வியாபாரிகளில் சிலரே அறிவார்கள். அவர்களே அலாவுத்தீன் அலீ இப்னு நபீஸ் அவர்கள். அவர்களுடைய சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

கி.பி. 1213-ஐ ஒட்டி ஷாம் தேசத்தில் பிறந்தார்கள். திமிஷ்க் நகரில், சுல்தான் நூருத்தீன் நிறுவிய நூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்றார்கள். பின்னர் மிஸ்ரு தேசம் சென்று காஹிராவில் குடியேறி, அங்கே தலைமை வைத்தியராக உயர்ந்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹிலும் தேர்ந்தவர்களாதலால் மஸ்ரூரிய்யா மதரஸாவில் பாடமும் நடத்தினார்கள்.

இருதயத்தில் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவேயுள்ள சுவரில் நுண்ணிய துவாரங்கள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கடக்கிறதென்றும் யவன வைத்தியர் ஜாலீனூஸ் எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் அதை ஒப்புக்கொண்டிருந்தனர். இப்னு நபீஸ் அவர்கள் 1242-இல், இப்னு சீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய விரிவுரையில் இதை மறுத்தார்கள். அச்சுவர் கெட்டியானது, அதில் துவாரமில்லை. இரத்தம் வலது அறையிலிருந்து சுவாசப்பைக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, அதன் பிறகே இடது அறைக்கு வருகிறது என்று தெளிவாக்கினார்கள். இருதயத்துக்கு ஆகாரம் கிடைப்பது அதன் சதைக்குள் ஓடும் குழாய்களின் வழியாகவே என்றும் எழுதினார்கள். இன்று மாரடைப்பு என்று நாம் அஞ்சுவது அந்தக் குழாய்கள் அடைபடுவதைத்தான்.

அவர்கள் எழுதத் தொடங்கினால், சீவிய எழுதுகோல்களைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, சுவரை நோக்கி அமர்ந்து, வேறு கிதாபு பாராமல் வெள்ளம்போல் எழுதுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஒரு நாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், பாதியில் வெளியே வந்து மையும் காகிதமும் வரவழைத்து, நாடியைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்துவிட்டே மீண்டும் குளிக்கச் சென்றார்களாம்.

ஹிஜ்ரி 687-இல், அதாவது கி.பி. 1288-இல், நோயுற்றார்கள். உடன் இருந்த வைத்தியர்கள் மருந்தாகச் சிறிது மது அருந்தச் சொன்னபோது, வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேனென்று மறுத்து வபாத்தானார்கள். தம் வீட்டையும் கிதாபுகளையும் காஹிராவின் மன்சூரி ஆஸ்பத்திரிக்கு வக்பு செய்தார்கள். அவர்களுடைய மூஜஸ் என்னும் நூல் இந்தியாவின் யூனானி வைத்தியர்கள் வரையில் பாடமாக இருந்தது. ஆனால் இருதயத்தைப் பற்றி அவர்கள் எழுதியது பெரும்பாலும் உலகின் கண்ணுக்கு மறைந்தே கிடந்தது. 1924-இல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற மிஸ்ரு நாட்டு வைத்தியர் பெர்லின் நூலகத்தில் அந்த விரிவுரையைக் கண்டெடுத்த பிறகே அது வெளிப்பட்டது.

இச்சரித்திரத்தில் நமக்குள்ள படிப்பினை யாது? எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதாகும். எடை போடாமல் சரக்கு இறக்காத நாம், உடம்பு விஷயத்தில் மட்டும் தலைவலி இல்லை, ஆகவே கொதிப்பும் இல்லை என்று வாய்க்கணக்கு வைத்துக்கொள்கிறோம். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமல் பல ஆண்டுகள் குழாய்களைக் கெடுக்கும். கல்லாவில் அமர்ந்திருக்கும்போதே சாய்ந்துவிட்டார் என்ற செய்தி நம் கடைத்தெருக்களுக்குப் புதிதல்ல.

இத்தாலிய வைத்தியர் ரிவா ரோச்சி 1896-இல் கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையைக் கண்டார். 1905-இல் ருஷ்ய வைத்தியர் கோரட்கோவ் அதைக் காதால் கேட்டு அளக்க வழி சொன்னார். இன்று கருவி நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. ஆயினும் முறை தவறினால் எண்ணும் தவறும். மணிக்கட்டில் கட்டுவதைவிட, மேற்கையில் சுற்றும் தரம் சோதிக்கப்பட்ட கருவியே நல்லது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணீர், காப்பி, சிகரெட்டு வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் பேசாமல் அமருங்கள். வெறுங்கையில், இருதய மட்டத்தில் பட்டையைச் சுற்றுங்கள். காலையில் மருந்துக்கும் பசியாறலுக்கும் முன்பும், மாலையிலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து எழுதுங்கள். 7 நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளி, மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். மேல் எண் 135-ஐயோ, கீழ் எண் 85-ஐயோ எட்டினால் அந்தக் குறிப்புடன் வைத்தியரைக் காணுங்கள். நாடியையும் ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கின்றி இருந்தால் அதையும் சொல்லுங்கள். எண் குறைந்துவிட்டதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மறக்கலாகாது. இக்கருவி அழுத்தத்தைத்தான் காட்டும். இருதயக் குழாயின் அடைப்பைக் காட்டாது. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது கண்டாலும், எண் நன்றாக இருக்கிறதென்று கடையில் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் கணக்கையும் ஒழுங்காக வைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.