கல்லைப் படித்த பெரியார்

ஏட்டில் எழுதப்பெறும் வரலாறு ஒன்று. கல்லிலும் செங்கல்லிலும் எழுதப்பெறும் வரலாறு மற்றொன்று. ஏடு எழுதுவோர் தம் விருப்பு வெறுப்புகளுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதுதல் கூடும். கட்டடமோ, தன்னை எழுப்பிய மக்களின் அறிவையும் வளத்தையும் வழிபாட்டையும் உள்ளவாறே காட்டி நிற்கும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் கொள்கையாகக் கொண்டு, பல நாட்டுக் கட்டடங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தவர் ஜேம்ஸ் பெர்குசன் என்னும் அறிஞர்.

பெர்குசன் 1808-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் ஏர் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் படை மருத்துவர். மைந்தர் பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்றாரல்லர். கட்டடக் கலையை ஆசிரியரிடம் பயின்றாருமல்லர். இளமையிலேயே கப்பலேறிக் கல்கத்தாவிற்கு வந்தார். அங்கே தம் தமையனார் பங்கு கொண்டிருந்த வாணிக நிலையத்தில் அமர்ந்தார். பின்னர் வங்கநாட்டில் அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுக்கும் தொழிலை மேற்கொண்டு பொருள் ஈட்டினார். வாழ்க்கைக்குப் போதிய பொருள் சேர்ந்ததும், மேலும் பொருள் தேடுதலை ஒழித்து அறிவு தேடப் புறப்பட்டார்.

அக்காலத்தில் இந்திய நாட்டில் மக்கள் பயணம் செய்யும் இருப்புப்பாதை இல்லை. பெர்குசன் 1835-ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளில், ஒரிசாவின் கோயில்களையும், அசந்தா, எல்லோராக் குகைகளையும், மாமல்லபுரத்துக் கற்கோயில்களையும் நேரிற் சென்று கண்டார். அவரிடம் பட்டகக் கண்ணாடி பொருத்திய சிறு கருவி ஒன்று இருந்தது. எதிரேயுள்ள காட்சி தாளின்மேற் படிந்தாற்போல அதன் வழியே தோன்றும். அத்தோற்றத்தின் வழியே எழுதுகோலை ஓட்டினால் படம் பிழையின்றி அமையும். இவ்வாறு அவர் வரைந்த படங்களும் எடுத்த அளவுகளுமே பின்னாளில் அவர் நூல்களுக்கு அடிப்படை ஆயின.

அவர் கண்ட ஆராய்ச்சி முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. பாசா என்னும் ஊரிலுள்ள பௌத்தக் குகையில் தூண்கள் நிமிர்ந்து நில்லாமல் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. பாறையைக் குடைந்த கோயிலில் தூண் சாய்வதற்குத் தேவை யாது? மரக்கூரையின் பாரத்தைத் தாங்கவே மரத்தூண்களைச் சாய்த்து நடுவர். அவ்வழக்கம் மாறாமற் கல்லிலும் அதனைச் செதுக்கினர். கார்லாக் குகையிலோ தூண்கள் நேராக நிற்கின்றன. ஆகவே, மரவேலையை எத்துணை நெருங்கிப் பின்பற்றுகின்றதோ அத்துணைப் பழமையுடையது அக்குகை என்று அவர் கண்டார். ஆண்டு குறிக்கும் கல்வெட்டு இல்லாத இடத்தும், கட்டடத்தின் உறுப்புகளே தம் காலத்தைக் கூறும் என்பது இதனாற் புலப்பட்டது.

பெர்குசனுக்கு முன்னரே இத்துறையிற் புகுந்த இந்தியர் ஒருவர் உண்டு. தஞ்சையிற் பிறந்து, பெங்களூரில் நீதித்துறையிற் பணியாற்றிய ராம் ராசு, சிற்பநூல்களை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1834-இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் நூல்வழி நின்று கற்றார். பெர்குசன் கண்வழி நின்று கற்றார்.

1843-ஆம் ஆண்டில் இலண்டன் ஆசியக் கழகத்தில் பெர்குசன் குகைக் கோயில்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். குகைகள் பாதுகாப்பின்றி அழிவதை அதன்கண் எடுத்துரைத்தார். அக்கழகத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விண்ணப்பம் செய்தனர். அதன் பயனாக, அசந்தாச் சித்திரங்களைப் படியெடுக்க 1844-இல் இராபர்ட்டு கில் என்னும் படைத்தலைவர் அமர்த்தப்பட்டார். பழஞ்சின்னங்களைக் காத்தல் அரசின் கடமை என்னும் எண்ணம் வேரூன்ற இம்முயற்சி துணைசெய்தது.

அமராவதிச் சிற்பங்களின் நிலையும் இத்தகையதே. இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட அச்சிற்பங்களிற் பல, வண்டிகள் நிறுத்தும் கொட்டகை ஒன்றிற் கேட்பாரற்றுக் கிடந்தன. 1867-இல் பெர்குசன் அவற்றைக் கண்டு, நிழற்படங்கள் எடுப்பித்து, அடுத்த ஆண்டிலேயே நூலாக்கி வெளியிட்டார். கொட்டகையிற் கிடந்த கல் உலக அறிஞர் போற்றும் கலைச்செல்வம் ஆயிற்று.

1862-இல் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் முதலான கட்டடங்களின் வரலாற்றை வெளியிட்டார். 1865 முதல் 1867 வரை, எகிப்து, அசீரியா, கிரீசு, உரோமை முதலிய எல்லா நாட்டுக் கட்டடக் கலை வரலாற்றினையும் எழுதி முடித்தார். வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் நாட்டிய பெருங்கற்களைப் பற்றி 1872-இலும், இந்தியக் கட்டடங்களைப் பற்றி 1876-இலும் நூல்கள் இயற்றினார். 1871-இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

இத்துணைச் சிறப்புடையாரிடத்தும் பிழைகள் இருந்தன. இங்கிலாந்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்சு என்னும் கல்வட்டம் உரோமர் காலத்திற்குப் பின்னர் எழுந்தது என்று அவர் துணிந்தார்; அதன் பெருங்கற்கள் இற்றைக்கு ஏறத்தாழ 4500 ஆண்டுகட்கு முன் நாட்டப்பெற்றவை எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அசோகருக்கு முன் இந்தியர் கல்லாற் கட்டடம் எழுப்ப அறிந்திலர் என்றும் அவர் வற்புறுத்தினார். வங்க அறிஞர் இராசேந்திரலால் மித்திரர் அதனை மறுத்தார். பெர்குசன் அம்மறுப்பினை ஆராய்ந்து விடையிறுத்தலோடு அமையாது, 1884-இல் எழுதிய நூலில் மித்திரரையும், அவர் வாயிலாக இந்தியரின் தகுதியினையுமே இகழ்ந்தார். ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் வேற்றுமை அவர் கண்ணை மறைத்தது. கூர்ச்சர நாட்டில் தோளவிரா என்னுமிடத்தில் 1990 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில், அசோகருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட கல்மதில்களும் கல்லாலமைந்த நீர்த்தேக்கங்களும் வெளிப்பட்டன. மண்ணுள் மறைந்திருந்த கற்களே மித்திரர் சார்பிற் சான்று கூறின.

பெர்குசன் 1886-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனில் மறைந்தார். அவர் கூறிய முடிபுகளிற் சில இன்று வீழ்ந்துவிட்டன. அவர் காட்டிய வழி வீழ்ந்திலது. கட்டடத்தை நேரிற் காணுதல், அளத்தல், வரைதல், பிறவற்றோடு ஒப்புநோக்குதல் என்னும் அவர் முறையினைக் கொண்டே பின்வந்தோர் அவர் பிழைகளையும் திருத்தினர். பள்ளியிற் பயிலாத துறையிலும், உழைப்பும் உண்மை நாட்டமும் உடையார் ஆசிரியராக உயரலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். கற்றோர் ஆயினும், மாற்றார் கூறும் மெய்யினைச் செருக்கின்றிக் கேட்டல் வேண்டும் என்பதற்கும் அவ்வாழ்வே சான்றாகும். கண்ணாரக் கண்டதனையும் தீர ஆராய்ந்தே மெய்யெனக் கொள்ளுதல் அறிவுடையோர் கடன்.